என் ரிப்போர்ட்டில் ஆறு ஏக்கர் அதிகம்

"14.9.94, புதன். காலை 11.20. வங்கியில் என்னைப் பற்றிய ரிப்போர்ட்டைப் படித்தேன். அதில் இருப்பவர் என்னைவிடப் பெரிய மனிதர்."

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாக அன்றைய வெயில், பஸ் எத்தனை நிமிடம் தாமதம், கத்தரிக்காய் என்ன விலை என்றெல்லாம் எழுதுகிற ஆள் நான். அன்று எதுவும் ஓடவில்லை. வியப்பு அப்படி.

ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊரே சேர்ந்து ஒருவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல, அதை ஒரு வங்கி நம்பி எழுதிவைக்க, அவனே நேரில் போய் அதைக் கெடுத்துவிட்டு வந்த கதை இது. அந்த அவன் நான்தான்.

இப்போது கடன் கேட்கிறவர்கள் தங்கள் கடன் வரலாற்றைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று இலக்கத்தில் ஒரு எண் வருகிறது. தப்பு இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1994இல் எண் எதுவும் கிடையாது. வங்கியிலிருந்து ஒருவர் கறுப்புப் பையோடு மொபெட்டில் உங்கள் தெருவுக்கு வருவார். நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு பேரிடம் விசாரிப்பார். திரும்பிப் போய் ஒரு பக்கம் டைப் அடித்து ஃபைலில் வைப்பார். அதற்கு ஒப்பீனியன் ரிப்போர்ட் என்று பெயர். உங்கள் ஜாதகம் அந்த ஒரு பக்கம்தான். அதை நீங்கள் பார்க்கவே கூடாது.

நான் பார்த்துவிட்டேன்.

அப்போது கணபதியில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். எனக்கு வயது முப்பத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போல்ட் ஒன்று குறைந்தாலும் மெமோ எழுதுவேன். இரவல் வாங்கிய புத்தகத்தில் ஆண்டு தப்பாக இருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். (பெண் அமையாததற்கு இவற்றில் எது காரணம் என்று அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.)

கடன் எனக்காக இல்லை. என் அக்கா சரசுவின் கணவர் பொன்னுசாமி மச்சான் லேத்தில் இரும்பு கடைகிற நல்ல டர்னர். அவர் வேலை பார்த்த மில்லை அந்த வருடம் பொங்கலோடு மூடிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் ஆகியும் நிரந்தர வேலை இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். அக்கா பீஸ் ரேட்டுக்குப் பனியன் தைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருந்த நாயுடு, வயதாகிவிட்டதென்று தன் இரண்டு லேத்துகளையும் விற்க முடிவு செய்தார். ஒன்று ஆறடி, மற்றது நாலரை அடி. லேத்தின் நீளத்தைப் பொறுத்துத்தான் அதில் எவ்வளவு நீள ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, கடையலாம் என்பது. ஆறடி இருந்தால் மில் ரோலர், பெரிய பம்ப் ஷாஃப்ட் எல்லாம் பிடிக்கலாம். நாலரையில் சில்லறை வேலைதான்.

நாயுடு மச்சானிடம் சொன்னார்: "பொன்னுசாமி, ஆறடிய உனக்குன்னு நிறுத்தி வெக்கறேன். ஆயுத பூஜைக்கு அதுக்குப் பொட்டு வெக்கறது நீயா இருக்கோணும். அதுக்கு மேல என்னால பொறுக்க முடியாதப்பா."

வேலையில்லாதவருக்கு எந்த வங்கி கடன் தரும்? மாதச் சம்பளக்காரன் நான். ஆகவே என் பெயரில் அறுபதாயிரம் கேட்டு மனுப் போட்டேன். சம்பளச் சான்று, பிறந்த தேதிச் சான்று, ரேஷன் கார்டு, எல்லாம் இரண்டு நகல்.

ஆகஸ்டு 18, வியாழன் அன்று வங்கியின் விசாரணை அலுவலர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் பெயர் பாலு. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் திருநீறு. நல்ல மனிதர். ஆனால் அவர் வந்த நாள்தான் சரியில்லை. ஆடி முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. ஆடி முழுக்க அடங்கிக் கிடந்த கல்யாணப் பேச்செல்லாம் ஆவணி பிறந்ததும் எங்கள் பக்கத்தில் கிளம்பிவிடும். அந்த வாரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட அந்நியர் ஒருவர் தெருமுனையில் மொபெட்டை நிறுத்தி, முப்பது கடந்த பிரம்மச்சாரியைப் பற்றிக் கேட்டால் அவர் யாராக இருப்பார்?

முதலில் அவர் போனது நடராஜின் பேக்கரிக்கு. அங்கே நடந்ததைப் பின்னால் இரண்டு தரப்பிடமும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன்.

"ஏனுங், இங்க மாணிக்கம்னு ஒருத்தரு, பம்ப் கம்பெனில இருக்கறாரு. ஆளு எப்படிங்க?"

"எந்த விசயமாங்க?"

"ஒரு விசயமாத்தானுங்க. நாங்கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பெண் வீட்டார் சொல்வதும் அச்சு அசலாக இதே வாக்கியம்தான். நடராஜுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கேட்காமலே டீயும் தேங்காய் பன்னும் வைத்தார்.

"தங்கமான பையனுங்க. வயசு ஒரு இருபத்தெட்டு இருக்குமுங்க." (நடராஜ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்.)

"கெட்ட பழக்கம் ஏதாச்சுமுங்க?"

"அட, டீ கூடக் குடிக்க மாட்டாருங்க!" (என் அந்த மாத டீக்கணக்கு அவர் தலைக்கு மேல் கம்பியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது.)

"கம்பெனில என்ன வேலைங்க?"

"மேனேஜருங்க. அவரு கையெழுத்துப் போடாம ஒரு சாமான் வெளிய போகாது." (இதன் இரண்டாம் பாதி உண்மை. ஸ்டோர் கீப்பர் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகாது.)

அடுத்துப் பாலு எதிர் வீட்டுத் தெய்வானை அக்காவிடம் போனார். அந்த அக்காவுக்கும் என் அம்மாவுக்கும் குழாயடித் தகராறில் ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாண விசாரிப்பு என்றால் பகையெல்லாம் அன்றைக்கு மட்டும் ஓரமாக எடுத்து வைக்கப்படும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கோபிப் பக்கம் ஆறு ஏக்கர் பூமி இருக்குதுங்க. வாய்க்கால் தண்ணி. அத்தனையும் வாழை" என்றார் தெய்வானை அக்கா. கோபிச்செட்டிபாளையத்தில் என் அம்மாவின் தாய்மாமன் மகன் ஒருவர் இருந்தார். நோம்பி, திருவிழாவுக்குப் போய்வரும்போது அவர் இரண்டு வாழைத்தார் கொடுத்தனுப்புவார். அந்த இரண்டு தாரைத் தன் வாசலில் நின்று பார்த்தே தெய்வானை அக்கா ஆறு ஏக்கரைக் கணக்கிட்டிருக்கிறார்.

"ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஊடு இருக்குதுங்க. வாடகைக்கு உட்டிருக்கறாங்க. சனிக்கெழமையானா பையன் பஸ் ஏறிப் போறானே, சும்மாவா போவான்?" (நான் அங்கே போனது பழைய புத்தகக் கடைக்கு.)

"அவங்கம்மா எப்படிங்க?" என்று பாலு கேட்கவே இல்லை. தெய்வானை அக்காவே சொன்னார்: "அந்தம்மா வாயில்லாப் பூச்சிங்க. ஊட்டுக்கு வாரவங்கள மக மாதிரி வெச்சுக்கும். நீங்க எதையும் ரோசன பண்ணாதீங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். என் தெரு பதினொன்றோடு நிறுத்திக்கொண்டது.

செப்டம்பர் 14 அன்று வங்கி மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான குரல். "கடன் சாங்சன் ஆயிருச்சுங்க மாணிக்கம். ஒப்பீனியன் ரிப்போர்ட் பிரமாதமா வந்திருக்குது. உக்காருங்க, பாரம் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனார். ஃபைல் என் முன்னால் திறந்தே கிடந்தது. எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுகிற வியாதி எனக்கு. மசாலா சுற்றி வந்த பேப்பரைக் கூட விடமாட்டேன். என் பெயர் போட்ட காகிதத்தை விடுவேனா?

படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. இருபத்தெட்டு வயது, ஆறு ஏக்கர் வாழை, ஆர்.எஸ்.புரத்தில் வீடு, மேனேஜர் பதவி, டீ கூட அருந்தாத ஒழுக்கம். சனிக்கிழமை தவறாமல் வாடகை வசூல். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் போல இருந்தது. இப்படிப்பட்டவர் அறைக்குள் வந்தால் நான் எழுந்து நிற்பேன். கடைசியில் "இதர குறிப்புகள்" என்ற இடத்தில் பாலு கேட்டதைக் கேட்டபடி டைப் அடித்திருந்தார்: "தாயார் சாது. வருபவரை மகள் போல் நடத்துவார்."

லேத் கடனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வங்கியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் மெல்ல விளங்கியது. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது. இந்தத் தெருவுக்கு என் மேல் இவ்வளவு பிரியமா? அம்மாவோடு பேசாத தெய்வானை அக்கா, அம்மாவைச் சாது என்றிருக்கிறாரே! எத்தனை பெரிய மனசு இருந்தால் அது முடியும்!

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பாரத்தில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கி, லேத்தை இறக்கி, மச்சான் கையில் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்து என்னவோ போட்டேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அந்த ஆறு ஏக்கர் உறுத்தியது. வட்டி கட்டத் தவறினால் வங்கிக்காரர்கள் கோபிக்குப் போய் யாருடைய வாழையை ஜப்தி செய்வார்கள்? ஆண்டுப் பிழையையே ஓரத்தில் திருத்துகிறவன், என்னைப் பற்றிய பக்கத்தில் பதினொரு பிழைகளை விட்டுவைப்பதா?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். பதினொரு உருப்படிகள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் "ரிப்போர்ட்டில் உள்ளபடி", வலது பக்கம் "உண்மையில்". எனக்கு அதில் மிகவும் பெருமை. சில உருப்படிகளை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்.

"உருப்படி 2: நிலம் ஆறு ஏக்கர் – உண்மையில் நிலம் இல்லை. வருடத்துக்கு இரண்டு வாழைத்தார், அன்பளிப்பாக."

"உருப்படி 7: டீ அருந்துவதில்லை – உண்மையில் நாளொன்றுக்கு ஐந்து."

"உருப்படி 9: தாயார் சாது – இது மிகைக் கூற்று."

திங்கள் காலை, செப்டம்பர் 19, மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அக்காவிடமோ மச்சானிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மேனேஜர் முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மிச்ச மூன்று பக்கத்தையும் கண்ணாடி இல்லாமலே புரட்டினார்.

"டீ சாப்பிடறீங்களா மாணிக்கம்?"

"சாப்பிடறேனுங் சார். உருப்படி ஏழு."

அவர் சிரிக்கவில்லை. டீ வந்தது. கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. ஊட்ல பத்திரமா வெச்சுக்குங்க."

"இல்லீங் சார், இது உங்களுக்கு."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே. படிச்சுட்டேன். எடுத்துட்டுப் போங்க. லேத்து எப்ப எறக்கறீங்க?"

"நான் குடுத்ததுக்கு அத்தாட்சி வேணுமுங் சார்."

"எதுக்குங்க அத்தாட்சி?"

"நாளைக்கு யாராச்சும் கேட்டா, இன்ன தேதில திருத்தம் சொன்னேன்னு காட்டோணுமில்லீங்களா?"

"யாருங்க கேக்கப் போறாங்க?"

"ஒரு சீல் போதுமுங் சார்" என்றேன்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மாணிக்கம், சீல் உழுந்துட்டா இது ஃபைல்ல ஏறிப்போகுமுங்க. ஏறிட்டா என்னால எறக்க முடியாதுங்க."

"அதுக்குத்தானுங் சார் கேக்கறேன்!" என்றேன் மகிழ்ச்சியோடு.

(இதை எழுதும்போதும் காது சூடாகிறது. ஒரு மனிதர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்?)

தபால் மேஜையில் இருந்த அம்மணி கடிதத்தில் சீல் வைத்தார். டப்பென்று விழுந்தது. பார்த்தேன். தேதி சனிக்கிழமையுடையது. காலையில் தேதியை மாற்ற மறந்திருக்கிறார். நானா விடுவேன்? "ஏனுங் அம்மணி, இன்னிக்குப் பத்தொன்பதுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பல்சக்கரத்தைத் திருப்பி, மறுபடி வைத்தார். இந்தத் தடவை சத்தம் பலமாக இருந்தது. ஒரு கடிதத்துக்கு இரண்டு சீல். வெற்றியோடு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் 19ஆம் தேதியிட்ட கடிதத்தை முன்னிட்டுக் கடன் அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது. புதிதாக விசாரணை நடத்தப்படும். அதில் என் தேதியைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு அக்காவும் மச்சானும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு கடிதங்களையும் அக்கா கையில் கொடுத்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள். நான்கு பக்கத்தையும் எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"என்றா இது?"

"திருத்தம்க்கா. தப்பாப் போட்டிருந்தாங்க."

"தப்பா என்ன போட்டாங்க? எச்சாப் போட்டிருக்கறாங்க. கொறைச்சா போட்டாங்க?"

"எச்சாப் போட்டாலும் தப்பு தப்புதானக்கா."

"சரி, நெசத்தச் சொல்லோணும்னு இருந்தா வாயில சொல்லிப்போட்டு வந்திருக்கலாமில்ல? அந்த மனுசன் எடுத்துட்டுப் போன்னுதானே சொல்லியிருக்கறாரு? சீல் எதுக்குடா வாங்குன?"

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "அந்த ஒம்பதாவது என்னமோ எம் பேரு வருதே, அத இன்னொருக்காப் படி அம்மணி."

அக்கா படித்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"மிகைக் கூத்துன்னா என்னடா?"

"கூற்றும்மா. கொஞ்சம் அதிகமாச் சொல்லிட்டாங்கன்னு..."

"எதுத்த ஊட்டுக்காரி என்னயச் சாதுன்னு சொல்லியிருக்கறா. எம் பெத்த மகன் இல்லேன்னு எழுதி சீல் வாங்கியிருக்கறான்." கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அன்று மாலையே அம்மா எதிர் வீட்டுக்குப் போய்த் தெய்வானை அக்காவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். என்னோடு பேச ஒன்பது நாள் ஆயிற்று.

மச்சான் மட்டும் எதுவும் திட்டவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆயுத பூஜைக்கு இன்னும் மூணு வாரங்கூட இல்ல மாப்ள" என்றார். அவ்வளவுதான். அக்கா திட்டியதெல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

பாலு மறுபடி தெருவுக்கு வந்தார். இந்த முறை விதிப்படி, வங்கியிலிருந்து வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நடராஜ் ஸ்டூலைத் துடைக்கவில்லை. டீயும் வைக்கவில்லை.

"மாணிக்கமுங்களா? அவ்வளவாப் பழக்கமில்லீங்க."

பதினொரு வருடமாக அவரிடம் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறேன். தெய்வானை அக்கா, ஊட்டில் ஆம்பளைங்க இல்லீங்க என்று கதவைச் சாத்திவிட்டார். தெருவில் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. ஐந்து வாரத்துக்கு முன் ஆறு ஏக்கரும் ஆர்.எஸ்.புரம் வீடும் வைத்திருந்த ஒரு மனிதர், அப்படி ஒருவர் இருந்ததற்கான தடயமே இல்லாமல் மறைந்துபோனார். இரண்டு முறையும் அதே தெரு, அதே மனிதர்கள், அதே நான். எங்கள் ஊரை நினைத்து நான் வாயடைத்துப்போனது உண்மையில் அப்போதுதான்.

நடராஜிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பொண்ணு விசயம்னா வாயி வலிக்கற வரைக்கும் சொல்லலாம்ப்பா. கடன்னா நாளைக்கு ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்புடுவான். ஆமா, அன்னிக்கு வந்தவரு பொண்ணு ஊட்டுக்காரரு இல்லையா? அப்ப அந்த டீயும் தேங்கா பன்னும் யாரு கணக்குல எழுதறது?"

என் கணக்கில்தான் எழுதினார்.

இரண்டாவது ரிப்போர்ட்டுக்குப் பிறகு வங்கி முப்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னது. ஆறடி லேத்துக்கு அது போதாது. நாயுடுவிடம் போய் நின்றோம். அதற்குள் விஷயம் கணபதி முழுக்கப் பரவியிருந்தது.

"சீல் வாங்குன தம்பி நீதானா?" என்று எழுந்து வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார். "நாப்பது வருசமாப் பட்டறை நடத்தறேன் தம்பி. பேங்குல பொய் சொல்லி மாட்டுனவங்களப் பாத்திருக்கறேன். நெசத்தச் சொல்லி மாட்டுனது நீதான் மொத ஆளு." பிறகு மச்சானைப் பார்த்தார். குரல் இறங்கியது. "பொன்னுசாமி, ஆறடிக்குப் பல்லடத்துல இருந்து ஒரு பார்ட்டி ரொக்கத்தோட வந்து நிக்கறான். எம் பேத்தி கல்யாணம் இருக்குது. நாலரைய எடுத்துக்க. கொறையறத மெதுவாக் குடு. இந்தத் தம்பி பாக்கி வெச்சா அவனே தேதி போட்டு எழுதிக் குடுத்துப்போடுவான், எனக்குப் பயமில்ல."

ஆறடி லேத்தை லாரியில் ஏற்றிய அன்று மச்சான் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனார். செயின் பிளாக்கில் அது மேலே எழும்பும்போது, உள்ளங்கையை அதன் நீண்ட இரும்புப் படுகையில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார். லாரி கிளம்பியது மாலை 4.40. குறித்துவைத்திருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு நாலரை அடி லேத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தோம். அதில் மச்சான் உழைத்து இரண்டு பெண்களையும் படிக்கவைத்தார். ஆனால் நீளமான ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு யாராவது பட்டறை வாசலுக்கு வந்தால், டேப்பை இழுத்து அளப்பார், "இது நம்முகிட்ட நிக்காதுங்க" என்பார், பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றரை அடி. எங்கள் குடும்பத்தில் அது ஒரு அளவையாகவே நிலைத்துவிட்டது. நான் எந்தக் கடையில் ரசீது கேட்டாலும், எந்த ஆபீசில் நகலுக்குக் கையெழுத்துக் கேட்டாலும், அக்கா பின்னாலிருந்து, "டேய், ஒன்றரை அடி!" என்பாள். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தில் சமையல்காரரிடம் முன்பணத்துக்கு அத்தாட்சி கேட்டேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மணப்பெண் உட்பட. மச்சான் பத்து வருடம் கழித்துத் தன் சம்பாத்தியத்தில் ஆறடி லேத் வாங்கினார். பில்லை என் கையில் கொடுத்து, "இதுக்கு எத்தன சீல் வேணும் மாப்ள?" என்று கேட்டார்.

எனக்கு 1996இல் கல்யாணம் ஆயிற்று. பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தபோது நடராஜ் கையை நீட்டி நிறுத்தினாராம். "ஏனுங், பேங்குங்களா, பொண்ணுங்களா? மொதல்ல அதச் சொல்லிப்போடுங்க." பொண்ணு என்று தெரிந்த பிறகுதான் டீ போட்டாராம். என் மாமனார் கடைசிவரை கோபியில் எனக்குச் சேரவேண்டிய பூமியைப் பற்றி அவ்வப்போது நாசூக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலுவைப் பல வருடம் கழித்துக் கொடுமுடியில் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். காவிரியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். (அவருடைய வேலைக்காலத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு ரிப்போர்ட் எழுதியது எனக்கு மட்டும்தானாம்.)

"நாங்க எழுதறத மேனேஜரு அப்படியே நம்புவாருன்னா நெனச்சீங்க?" என்று சிரித்தார். "எங்க ரிப்போர்ட்ட எப்பவும் பாதியக் கழிச்சுப்போட்டுத்தானுங்க படிப்பாரு. மொத ரிப்போர்ட்லயும் கழிச்சுத்தான் சாங்சன் போட்டாரு. உங்க சம்பளச் சான்றுல ஸ்டோர் கீப்பர்னு இருக்குதே, அவருக்குப் படிக்கத் தெரியாதுங்களா? நீங்க குடுத்த திருத்தத்தையும் மேலிடத்துல பாதியக் கழிச்சுப் படிச்சாங்க. அதான் முப்பத்தஞ்சுக்கு வந்து நின்னுபோச்சு."

"அந்த ஆறு ஏக்கர் மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லீங்களே?" என்றேன். இத்தனை வருடமாக என் பக்கத்து நியாயமாக நான் பிடித்துவைத்திருந்தது அது ஒன்றுதான்.

பாலு துண்டைப் பிழிந்தார். "அவரு சொந்த ஊரே கோபிதானுங்களே. அந்த வாய்க்கால்ல யாருக்கு எத்தன மடைன்னு அவருக்கு மனப்பாடம்."

அப்படியானால், நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்ததில் அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. அன்று அந்த அறையில் புதிதாக வந்தது இரண்டு சீல் மட்டும்தான்.

ஆனால் இதை உறுதி செய்ய என்னால் முடியவில்லை. அதே கிளையில் வேலை பார்த்த இன்னொருவர், மேனேஜர் தாராபுரத்துக்காரர் என்கிறார். கிளை இடம் மாறிவிட்டது; பழைய ஃபைல்கள் இல்லை என்கிறார்கள். மேனேஜர் இப்போது இல்லை. அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. ஆகவே மேனேஜரின் சொந்த ஊர் கோபிதான் என்பது இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படாத தகவல்.